வரையறை ஒன்றிலிருந்தே கடவுளை நிறுவ முடியுமா? இருப்பியல் வாதம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருப்பியல் வாதம் என்றால் என்ன?

கடவுள் உண்டு என்று நிறுவ முயலும் வாதங்களில் பெரும்பாலானவை உலகத்திலிருந்து தொடங்குகின்றன. உலகம் தோன்றி அழிவதாக இருப்பதால் அதற்கு ஒரு காரணம் வேண்டும் என்பது ஒரு வகை. உலகில் ஒழுங்கு காணப்படுவதால் அதை ஒழுங்குபடுத்திய அறிவு ஒன்று வேண்டும் என்பது இன்னொரு வகை. இருப்பியல் வாதத்துக்கு உலகம் தேவையில்லை. கடவுள் என்னும் கருத்துக்கு ஒரு வரையறையைத் தந்துவிட்டு, அதைச் சரியாகப் புரிந்துகொண்ட எவரும் 'அப்படி ஒன்று இல்லை' என்று தன்னோடு தானே முரண்படாமல் சொல்ல முடியாது எனக் காட்ட அது முயல்கிறது. காட்சியும் வேண்டாம், அனுபவமும் வேண்டாம், சிந்தனை ஒன்றே போதும் என்பது அதன் துணிபு.

இதை ஒரே வாதம் என்று எண்ணிக்கொள்வதால்தான் விவாதங்களில் பாதிக் குழப்பம் வருகிறது. 11ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை பல வடிவங்கள் எழுதப்பட்டுள்ளன. ஒன்றை வீழ்த்தும் மறுப்பு அடுத்ததைத் தொடாமலே போகக்கூடும். அவற்றுக்கு இந்தப் பொதுப்பெயரைச் சூட்டியவர் 18ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட். அவருக்கு முன் இவ்வாதத்தை எழுதியவர்கள் அந்தப் பெயரை அறியமாட்டார்கள்.

முதன்முதலில் இதை எழுதிய அன்செல்ம் உண்மையில் என்ன சொன்னார்?

அன்செல்ம் (1033–1109) இத்தாலியின் ஆவோஸ்டாவில் பிறந்து, நார்மண்டியிலுள்ள பெக் மடத்தில் துறவியாக இருந்து, 1093இல் கேன்டர்பரியின் பேராயரானவர். பெக் மடத்தில் இருந்தபோது, 1077–78 அளவில், 'புரோஸ்லோகியன்' என்ற சிறு நூலை எழுதினார். அதன் 2ஆம் அதிகாரத்தில் வாதம் வருகிறது. அச்சில் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது.

அவர் கடவுளை 'தன்னிலும் பெரிதொன்றை எண்ண இயலாத ஒன்று' என்று வரையறுக்கிறார். பிறகு, 'கடவுள் இல்லை' என்று தன் உள்ளத்தில் சொல்லிக்கொள்ளும் மதிகேடனை விவிலியத்தின் சங்கீத நூலிலிருந்து அழைத்து வருகிறார். அந்த மதிகேடனும் இந்தத் தொடரைக் கேட்டால் அதன் பொருளைப் புரிந்துகொள்கிறான். ஆகவே அது குறைந்தபட்சம் அவனுடைய அறிவிலாவது இருக்கிறது. ஓவியன் தான் தீட்டப்போகும் ஓவியத்தை முதலில் மனத்தில் கொண்டிருக்கிறான், அப்போது அது வெளியில் இல்லை என்பதையும் அவன் அறிவான். தீட்டி முடித்தபின் அது மனத்திலும் இருக்கிறது, வெளியிலும் இருக்கிறது. இவ்விரு நிலைகளையும் பிரித்துக்காட்டிய பிறகு அன்செல்ம் கேட்கிறார்: தன்னிலும் பெரிதொன்றை எண்ண இயலாத அது அறிவில் மட்டுமே இருக்க முடியுமா? அறிவில் மட்டும் இருந்தால், அதுவே மெய்யிலும் இருப்பதாக எண்ணிப் பார்க்க முடியும். அப்படி எண்ணப்படுவது அதைவிடப் பெரிது. ஆக, 'தன்னிலும் பெரிதொன்றை எண்ண இயலாத ஒன்று' தன்னிலும் பெரிதொன்றை எண்ண இயன்ற ஒன்றாகிவிடும். இது முரண். எனவே அது அறிவிலும் மெய்யிலும் இருந்தே ஆக வேண்டும்.

வரையறையின் அமைப்பைக் கவனிக்க வேண்டுகிறேன். 'கடவுள் மிகப் பெரியவர்' என்று அவர் எழுதவில்லை. 'எல்லாவற்றிலும் பெரியது' என்றும் எழுதவில்லை. எண்ணத்துக்கு ஓர் எல்லையை வைத்து, அந்த எல்லைக்கு அப்பால் எண்ணம் செல்ல முடியாது என்று எதிர்மறையில் சொல்கிறார். கடவுளைப் பற்றி எந்த விவரமும் தெரியாதவரும் இந்த எதிர்மறையைப் புரிந்துகொள்ளலாம் என்பதுதான் அதன் வலிமை.

புரோஸ்லோகியன் கடவுளை நோக்கிப் பேசும் வேண்டுதல்தானே? அதை நிரூபணமாக எடுத்துக்கொள்வது சரியா?

நூலின் பெரும்பகுதி கடவுளை முன்னிலையில் விளித்தே எழுதப்பட்டுள்ளது என்பது உண்மை. அதற்கு அன்செல்ம் முதலில் இட்ட தலைப்பும் 'அறிவை நாடும் நம்பிக்கை' என்பதே. இதை வைத்து, அவர் நம்பாதவரோடு வாதாடவே இல்லை, நம்பியதைத் தியானித்தார் என்று விளக்குவோர் உள்ளனர். ஆனால் வேண்டுதலின் நடுவே நிற்பதால் வாதம் வாதமல்லாமல் போய்விடாது. மதிகேடனும் ஏற்கும் முற்கோளிலிருந்து, அதாவது வாதத்துக்கு அடிப்படையான கூற்றிலிருந்து, தொடங்க வேண்டும் என்பதில் அன்செல்ம் எடுத்துக்கொண்ட கவனமே, அதை அவர் எவர் முன்னும் வைக்கத்தக்க நிரூபணமாகக் கருதினார் என்பதற்குப் போதிய சான்று.

இதே முறையில் மிகச் சிறந்த தீவு ஒன்றையும் நிறுவிவிடலாமே?

இக்கேள்வி வாதத்தின் வயதுக்கு நிகரான வயதுடையது. அன்செல்மின் காலத்திலேயே மார்மூத்தியே மடத்துத் துறவி கௌனிலோ, 'மதிகேடன் சார்பாக' என்று ஒரு மறுப்பை எழுதினார். கடலில் எங்கோ எல்லாத் தீவுகளையும் விஞ்சிய தீவு ஒன்று உண்டு, யாரும் அங்குப் போனதில்லை என்று ஒருவர் சொல்கிறார்; கேட்பவருக்குப் பொருள் விளங்குகிறது. உடனே சொன்னவர், 'அத்தீவு உன் மனத்தில் இருக்கிறது. மெய்யாக இருப்பது மனத்தில் மட்டும் இருப்பதினும் சிறந்தது. ஆகவே எல்லாவற்றிலும் சிறந்த அத்தீவு மெய்யாகவே இருக்கிறது' என்று முடித்தால், அவர் விளையாடுகிறார் என்றுதான் கொள்ள வேண்டும் என்கிறார் கௌனிலோ. இதை எழுதியவர் கடவுளை நம்பிய துறவி. நம்பிக்கை வேறு, அதற்குத் தரப்படும் வாதத்தின் தரம் வேறு என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது.

அன்செல்மின் பதிலில் இரண்டு செய்திகள் உள்ளன. தன்னிலும் பெரிதொன்றை எண்ண இயலாத அதைத் தவிர வேறு எதற்காவது இவ்வாதம் பொருந்துமானால், தொலைந்த தீவைத் தாமே கண்டெடுத்து, இனித் தொலையாதபடி தருவதாக அவர் எழுதுகிறார். அடுத்து, 'எல்லாவற்றிலும் பெரியது' என்று தாம் எங்கும் எழுதவில்லை, கௌனிலோ தம் வரையறையை மாற்றிவிட்டார் என்று சுட்டிக்காட்டுகிறார். இரண்டாவது குற்றச்சாட்டு நியாயமானது. 'இருக்கும் பொருள்களிலெல்லாம் பெரியது' என்பதும் 'எண்ணத்தாலும் மிஞ்ச முடியாதது' என்பதும் ஒன்றல்ல.

ஆனால் வரையறையைத் திருத்தி, 'தன்னிலும் சிறந்த தீவொன்றை எண்ண இயலாத தீவு' என்று வைத்தால் என்ன ஆகும்? இந்த இடத்தில் அன்செல்மின் பதில் போதாது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆல்வின் பிளான்டிங்கா இதற்கு ஒரு விடை தந்திருக்கிறார். தீவின் சிறப்புகளுக்கு மேல்வரம்பு கிடையாது. எத்தனை மரங்கள் இருந்தாலும் இன்னொன்றைக் கூட்டலாம். ஆகவே 'மிஞ்ச இயலாத தீவு' என்ற கருத்தே ஒருங்கிணையாது. கடவுளுக்குச் சொல்லப்படும் அறிவு, ஆற்றல், நன்மை ஆகியவற்றுக்கோ உச்சவரம்பு உண்டு. எல்லாவற்றையும் அறிந்தவருக்குமேல் அறிய ஏதும் இல்லை.

இவ்விடை தீவை விலக்கிவிட்டாலும் கௌனிலோவின் ஐயத்தை முழுவதும் தீர்ப்பதில்லை. வாதத்தின் எந்தப் படியில் பிழை என்று தீவு எடுத்துக்காட்டு சொல்லவில்லை. இந்த வகையான பாதை போகக் கூடாத இடங்களுக்கும் போகிறது என்று மட்டுமே அது காட்டியது. கடவுளுக்கு மட்டும் அது ஏன் நேரான பாதையாக அமைகிறது என்று விளக்கும் பொறுப்பு அன்று முதல் வாதிப்பவரிடமே இருக்கிறது. தம் நூலைப் படியெடுக்கும்போது கௌனிலோவின் மறுப்பையும் தம் பதிலையும் சேர்த்தே படியெடுக்க வேண்டும் என்று அன்செல்ம் ஏற்பாடு செய்தார். அதற்காக அவர் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

கடவுளை நம்பியவர்களே இவ்வாதத்தை ஏற்கவில்லையா?

ஏற்காதவர்களில் முதன்மையானவர் கிறித்தவ இறையியல் அறிஞர் தாமஸ் அக்குவினாஸ் (1225–1274). கடவுளின் இயல்பும் இருப்பும் ஒன்றே. ஆகவே அவ்வியல்பை நேரே கண்டவருக்குக் கடவுள் உண்டு என்பது தானே விளங்கும் என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அவ்வியல்பை நாம் நேரே காணவில்லை. நம்மிடம் இருப்பது ஒரு சொல்லின் பொருள் மட்டுமே. சொல்லின் பொருளிலிருந்து பொருள் எண்ணத்தில் இருப்பதாகத்தான் பெற முடியும். அதனால் அவர் உலகத்திலிருந்து தொடங்கும் ஐந்து வழிகளைத் தேர்ந்துகொண்டார்.

டெக்கார்ட் இதில் புதிதாக எதைச் சேர்த்தார்?

பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ரெனே டெக்கார்ட் 1641இல் வெளியிட்ட 'தியானங்கள்' நூலின் ஐந்தாவது தியானத்தில் வாதத்தைச் சுருக்கிவிட்டார். முக்கோணத்தின் இயல்பிலிருந்து அதன் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை இரண்டு செங்கோணம் என்பதைப் பிரிக்க முடியாது. பள்ளத்தாக்கு இல்லாத மலையை எண்ண முடியாது. அதுபோல, எல்லா நிறைவுகளும் உடைய ஒன்றின் இயல்பிலிருந்து இருத்தல் என்னும் நிறைவைப் பிரிக்க முடியாது. ஒப்பீடும் முரணும் கொண்டு அன்செல்ம் அடைந்த முடிவை இவர் இயல்பை நேரே நோக்கி அடைகிறார்.

மறுப்புகள் அந்நூலோடேயே அச்சாயின. அவற்றில் காட்டெரஸ் என்பவருடையது சுருக்கமானது, கூர்மையானது. 'இருக்கும் சிங்கம்' என்ற தொடரில் சிங்கமும் இருத்தலும் சேர்ந்தே உள்ளன. அத்தொடரின் பொருளிலிருந்து இருத்தலைப் பிரிக்க முடியாது. அதனால் உலகில் ஒரு சிங்கம் உண்டு என்று ஆகிவிடுமா? கஸ்ஸந்தி இன்னொரு திசையில் சென்று, இருத்தல் ஒரு நிறைவே அன்று, அது இல்லாமல் நிறைவும் இல்லை குறையும் இல்லை என்றார். காண்ட் பின்னர் சொன்னதன் விதை இங்கே இருக்கிறது.

'இருத்தல் ஒரு பண்பு அன்று' என்று காண்ட் சொன்னதோடு வாதம் முடிந்துவிட்டதா?

முடிந்துவிட்டது என்றுதான் பாடநூல்கள் பலவும் எழுதுகின்றன. நான் அப்படிக் கருதவில்லை. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1781இல் வெளிவந்த 'தூய அறிவின் விமர்சன'த்தில் காண்ட் இரண்டு தனித்தனி மறுப்புகளைத் தருகிறார். புகழ்பெற்றது, நூறு தாலர் நாணயங்களை வைத்துச் சொல்லப்பட்டது. மெய்யான நூறு தாலரில், எண்ணத்திலுள்ள நூறு தாலரைவிட ஒரு காசும் அதிகமில்லை. இருக்கிறது என்று சொல்லும்போது ஒரு பொருளின் கருத்தோடு நாம் புதிதாக எந்தப் பண்பையும் சேர்ப்பதில்லை. அக்கருத்துக்கு ஏற்ற பொருள் உண்டு என்று மட்டும் சொல்கிறோம். ஆகவே இருத்தலை நிறைவுகளின் பட்டியலில் சேர்க்க இடமில்லை.

1884இல் ஜெர்மன் தருக்க அறிஞர் கோட்லோப் ஃபிரேகே இதற்கு ஒரு தருக்க வடிவம் கொடுத்தார். ஒரு கருத்தின் கீழ் வரும் பொருள்களின் எண்ணிக்கை சுழியம் அன்று என்பதே 'உண்டு' என்பதன் பொருள். 'குதிரைகள் உண்டு' என்பது தனித்தனிக் குதிரை எதன் பண்பையும் கூறவில்லை. குதிரை என்னும் கருத்தைப் பற்றிப் பேசுகிறது. இது ஏற்கத்தக்க விளக்கம். டெக்கார்டின் வடிவத்தை இது கடுமையாகவே தாக்குகிறது.

ஆனால் அன்செல்ம் இருத்தலைப் பண்புகளில் ஒன்றாக எண்ணிப் பட்டியலிட்டார் என்று சொல்வதற்கில்லை. அவர் ஒப்பிடுவது மனத்தில் மட்டும் இருக்கும் நிலையையும் மெய்யிலும் இருக்கும் நிலையையும். பண்பு என்ற கோட்பாடு அவருக்குத் தேவைப்படவில்லை. மேலும், 'இருத்தல்' பண்பு அன்று என்று வைத்துக்கொண்டாலும், 'இல்லாமல் போக முடியாதவாறு இருத்தல்' என்பது ஒரு பொருளை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்துகிறது அல்லவா? அடுத்து நாம் பார்க்கப்போகும் வடிவங்கள் இதைத்தான் பற்றிக்கொள்கின்றன.

காண்ட் தந்த இன்னொரு மறுப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை; என் கணிப்பில் அதுவே வலியது. முக்கோணம் ஒன்றை ஏற்றுக்கொண்டு அதன் மூன்று கோணங்களை மறுத்தால் முரண். முக்கோணத்தையும் கோணங்களையும் சேர்த்தே விலக்கிவிட்டால் முரண்பட எதுவும் மிஞ்சாது. வரையறை சொல்வதெல்லாம் 'அப்படி ஒன்று இருந்தால் அது இப்படி இருக்கும்' என்பதுதான். அந்த 'இருந்தால்' என்பதை நீக்கும் உரிமையை வரையறை தானாகத் தருவதில்லை. காட்டெரஸின் சிங்கமும் இதையே சொன்னது.

அன்செல்மிடம் இரண்டாவது வாதம் ஒன்று உண்டு என்கிறார்களே?

உண்டு, அல்லது, இருப்பதாக 20ஆம் நூற்றாண்டில் சிலர் கண்டார்கள். புரோஸ்லோகியனின் 3ஆம் அதிகாரம், இல்லாததாக எண்ணவே முடியாத ஒன்றை எண்ணிப் பார்க்க முடியும், அது இல்லாததாக எண்ண முடிந்ததைவிடப் பெரிது என்கிறது. இங்கே பேசப்படுவது வெறும் இருப்பு அன்று, கட்டாய இருப்பு. அமெரிக்கத் தத்துவ அறிஞர்களான சார்லஸ் ஹார்ட்ஷோர்னும், 1960இல் எழுதிய கட்டுரையில் நார்மன் மால்கமும் இதைத் தனி வாதமாக எடுத்து வளர்த்தார்கள்.

மால்கமின் போக்கு இது. எல்லையற்ற பெருமை உடைய ஒன்று பிறிதொன்றால் உண்டாக்கப்பட முடியாது, தற்செயலாகத் தோன்றவும் முடியாது. அப்படித் தோன்றினால் அது வரம்புக்கு உட்பட்டதாகிவிடும். எனவே அது இப்போது இல்லையென்றால் இனி ஒருபோதும் வர முடியாது. அதன் இருப்பு இயலாதது. இப்போது இருக்கிறது என்றால் அழியவும் முடியாது. அதன் இருப்பு கட்டாயமானது. ஆகவே கடவுளின் இருப்பு ஒன்று இயலாதது, அல்லது கட்டாயமானது. நடுவில் வேறு நிலை இல்லை. அக்கருத்தில் முரண் இருந்தாலன்றி அது இயலாததாகாது. முரண் இல்லை என்றால் கடவுள் கட்டாயம் உண்டு.

'ஒன்று கட்டாயம், அல்லது இயலாமை' என்ற இந்த இடைமுடிவைத்தான் இருப்பியல் வாதம் மனித சிந்தனைக்குத் தந்த உறுதியான பேறு என்று நான் கருதுகிறேன். முழு வாதமும் தோற்றாலும் இது நிற்கும். கடவுள் இருப்பது தொலைவில் கண்டறியப்படாத ஒரு கோள் இருப்பதைப் போன்ற செய்தி அன்று. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எப்படியோ இருந்துவிட்டது என்று சொல்லத்தக்க ஒன்றைப் பற்றி நாம் பேசவில்லை. வழிபாட்டுக்குரியதாக மக்கள் கருதும் முழுமுதல் அத்தகைய தற்செயலான பொருளாக இருக்க முடியாது என்பதை நம்புபவரும் மறுப்பவரும் ஒருசேர ஏற்கலாம்.

பிளான்டிங்காவின் வடிவம் எப்படிச் செல்கிறது?

1974இல் பிளான்டிங்கா இதை மோடல் தருக்கத்தில், அதாவது சாத்தியம், கட்டாயம் ஆகியவற்றின் தொடர்பை ஆராயும் தருக்கப் பிரிவில், அமைத்துக்காட்டினார். நிலைமை எப்படியெல்லாம் இருந்திருக்கலாமோ அவற்றின் ஒவ்வொரு முழு வடிவத்தையும் ஒரு 'சாத்திய உலகம்' என்று அழைப்பது வழக்கம். ஓர் உலகில் ஒருவர் முற்றறிவும் முற்றாற்றலும் முழு நன்மையும் உடையவராக இருந்தால், அவருக்கு அவ்வுலகில் 'உச்ச மேன்மை' உண்டு. எல்லாச் சாத்திய உலகங்களிலும் அந்த மேன்மை இருந்தால், அது 'உச்சப் பெருமை'.

இப்போது ஒரே ஒரு முற்கோள்: உச்சப் பெருமை உடைய ஒருவர் இருப்பது சாத்தியம். அதாவது, ஏதேனும் ஒரு சாத்திய உலகில் அவர் இருக்கிறார். அங்கே அவர் உச்சப் பெருமை உடையவர் என்றால், வரையறையின்படி எல்லா உலகங்களிலும் உச்ச மேன்மையோடு இருக்கிறார். எல்லா உலகங்களிலும் என்றால் நாம் வாழும் இவ்வுலகிலும். எஸ் 5 எனப்படும் தருக்க முறையில் இந்தப் படிகளில் ஒரு குறையும் காண முடியாது. 'கட்டாயமாக இருப்பது சாத்தியம்' என்பதிலிருந்து 'கட்டாயமாக இருக்கிறது' என்பது அம்முறையில் நேரே கிடைக்கிறது.

அப்படியானால் வாதம் வென்றுவிட்டதே?

முற்கோளைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 'உச்சப் பெருமை உடையவர் எவரும் இல்லாதிருப்பது சாத்தியம்.' இதுவும் கேட்பதற்கு எவ்வளவு அடக்கமான கூற்றாக இருக்கிறது! ஆனால் இதை ஏற்றால், ஏதோ ஒரு சாத்திய உலகில் அவர் இல்லை. ஓர் உலகில் இல்லாதவர் எல்லா உலகங்களிலும் இருப்பவராக இருக்க முடியாது. ஆகவே உச்சப் பெருமை உடையவர் எந்த உலகிலும் இல்லை. அதே தருக்கம், அதே வரையறை, நேர் எதிரான முடிவு.

ஆக, இரண்டு அடக்கமான முற்கோள்களில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். எது என்பதை வரையறை சொல்லாது. 'சாத்தியம்தானே, இதைக்கூட ஒப்புக்கொள்ள மாட்டீர்களா?' என்று கேட்கும் குரலில் இருக்கும் எளிமை ஏமாற்றக்கூடியது. இங்கே சாத்தியத்தை ஒப்புக்கொள்வது முழு முடிவையும் ஒப்புக்கொள்வதற்குச் சமம். பிளான்டிங்கா நேர்மையானவர், தம் வாதம் கடவுள் உண்டு என்று நிறுவிவிடவில்லை என்று அவரே எழுதினார். முதன்மையான முற்கோளை ஏற்பது அறிவுக்கு முரணானதன்று, ஆகவே முடிவை ஏற்பதும் அறிவுக்கு முரணானதன்று என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். அவரை மேற்கோள் காட்டுவோர் பலர் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

சாத்தியத்தைத் தனியே நிறுவ முடியாதா?

முழு வாதத்தின் எடையும் இந்த ஒரு கேள்வியின் மேல்தான் இருக்கிறது. இதைத் தெளிவாகக் கண்டு வலியுறுத்தியவர் ஜெர்மன் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் (1646–1716). டெக்கார்டின் வாதம் தவறன்று, முழுமையடையாதது என்றார் அவர். முழு நிறைவுடைய ஒன்று சாத்தியம் என்று முதலில் காட்ட வேண்டும், டெக்கார்ட் அதைக் காட்டாமலே எடுத்துக்கொண்டார் என்பது அவர் குற்றச்சாட்டு. 1676இல் ஹேக் நகரில் தத்துவ அறிஞர் ஸ்பினோசாவைச் சந்தித்தபோது இதற்கான ஒரு நிரூபணத்தை எழுதியே காட்டினார். நிறைவு என்பது எளியதும் முற்றிலும் நேர்மறையானதுமான பண்பு. இரண்டு பண்புகள் மோதவேண்டுமானால் ஒன்று மற்றொன்றை மறுக்க வேண்டும். எளிய நேர்மறைப் பண்புகளில் மறுப்பு எதுவும் இல்லை. ஆகவே எல்லா நிறைவுகளும் ஒன்றாக ஒருவரிடம் அமையலாம். அழகான சிந்தனைதான். ஆனால் அறிவு, ஆற்றல், நீதி, இரக்கம் ஆகியவை அப்படிப் பகுக்க இயலாத எளிய பண்புகளா என்பதை அவர் காட்டவில்லை. முழு நீதியும் முழு இரக்கமும் ஒருவரிடம் எப்படி ஒத்துப்போகும் என்று கேட்பவருக்கு அந்நிரூபணத்தில் விடை இல்லை.

'எண்ணிப் பார்க்க முடிகிறதே, அதுவே சாத்தியத்துக்குச் சான்றாகாதா?' என்று கேட்பதுண்டு. ஆகாது. 'மிகப் பெரிய பகா எண்' என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். கணிதம் கற்ற எவருக்கும் அதன் பொருள் விளங்கும். கேட்டவுடன் முரண் எதுவும் தென்படாது. ஆனால் பகா எண்களின் எந்தப் பட்டியலை எடுத்தாலும் அவையனைத்தையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால், வரும் எண்ணை வகுக்கும் பகா எண் அப்பட்டியலில் இருக்காது என்று யூக்ளிட் காட்டிவிட்டார். ஆகவே மிகப் பெரிய பகா எண் இல்லை, இருக்கவும் முடியாது. தொடர் விளங்குவது ஒன்று, அதற்குரிய பொருள் சாத்தியமாவது வேறு. அன்செல்மின் மதிகேடன் தொடரைப் புரிந்துகொண்டான் என்பதிலிருந்து, தொடர் குறிக்கும் ஒன்று முரணற்றது என்று நகரும் அந்தச் சிறிய படியை இந்த எடுத்துக்காட்டு நிறுத்திவிடுகிறது.

இதே எச்சரிக்கை மறுப்பவருக்கும் உரியது. 'கடவுள் இல்லாத உலகை என்னால் எண்ண முடிகிறது' என்பதும் எண்ணம் மட்டுமே.

கோடல் கடவுளைக் கணிதத்தால் நிறுவினார், கணினியும் அதை உறுதிசெய்தது என்பது உண்மையா?

பாதி உண்மை. கணிதத் தருக்க அறிஞர் கூர்ட் கோடல் (1906–1978) லைப்னிட்ஸின் சிந்தனையைத் தருக்கக் குறியீடுகளில் வடித்தார். 'நேர்மறைப் பண்பு' என்ற ஒன்றை அடிப்படையாக வைத்து, ஒரு பண்போ அதன் எதிர்ப்பண்போ, இரண்டில் ஒன்றே நேர்மறை; நேர்மறைப் பண்பிலிருந்து கட்டாயமாகப் பெறப்படுவதும் நேர்மறை; கட்டாய இருப்பும் நேர்மறை என்பன போன்ற அடிக்கோள்களை, அதாவது நிறுவாமலே ஏற்கும் அடிப்படைக் கூற்றுகளை, அமைத்தார். எல்லா நேர்மறைப் பண்புகளும் உடையவர் கட்டாயமாக இருக்கிறார் என்பது அவற்றின் முடிவு. 1970இல் இதைத் தருக்க அறிஞர் டேனா ஸ்காட்டுக்குக் காட்டினாரே தவிர, தம் வாழ்நாளில் வெளியிடவில்லை.

2013இல் கிறிஸ்டோஃப் பென்ஸ்முல்லரும் புரூனோ வோல்ட்சன்லோகல் பாலியோவும் ஸ்காட் எழுதிவைத்த வடிவத்தைக் கணினியில் சோதித்து, அடிக்கோள்களிலிருந்து முடிவு சரியாகவே வருகிறது என்று உறுதிசெய்தார்கள். கணினி சரிபார்த்தது அவ்வளவுதான். அடிக்கோள்கள் உண்மையா என்று எந்தக் கணினியும் சொல்ல முடியாது. அதே ஆய்வில், கோடலின் மூல வடிவத்தில் அடிக்கோள்களும் வரையறைகளும் தமக்குள் முரண்படுகின்றன என்பதும் வெளிப்பட்டது. ஸ்காட்டின் திருத்தம் அம்முரணை நீக்கியிருந்தது. அந்தத் திருத்திய வடிவத்திலும் ஒரு பெரும் சிக்கல் உண்டு. உண்மையாக உள்ள ஒவ்வொன்றும் கட்டாயமான உண்மை என்று இவ்வடிக்கோள்களிலிருந்து வருவதை ஜோர்டன் ஹோவர்ட் சோபல் 1987இல் காட்டினார். நடப்பவை எவையும் வேறு மாதிரி நடந்திருக்க முடியாது என்றாகிறது. அந்த விலையைக் கொடுக்க நம்பிக்கையாளரே பெரும்பாலும் முன்வரமாட்டார்.

இந்தியத் தருக்க மரபில் இத்தகைய வாதம் உண்டா?

வரையறை ஒன்றையே நம்பி நிற்கும் வாதம் இங்குச் செல்வாக்குப் பெறவில்லை. சைவ சித்தாந்த நூலான 'சிவஞானபோத'த்தின் முதற் சூத்திரம் உலகின் தோற்றம், நிலை, ஒடுக்கம் ஆகிய முத்தொழிலிலிருந்து தொடங்குகிறது. நியாயம் என்னும் தருக்க மரபின் உதயணரும் காரியத்தைக் கொண்டு கர்த்தாவை, அதாவது உண்டானதைக் கொண்டு உண்டாக்கியவரை, பெறுகிறார். யோக சூத்திரத்தில், அறிவு ஏற்றத்தாழ்வு உடையதாகக் காணப்படுவதால் அதற்கு விஞ்ச முடியாத உச்சம் ஒன்று உண்டு, அது ஈசுவரனிடம் இருக்கிறது என்ற கருத்து வருகிறது. இது அன்செல்மின் மொழியை நினைவூட்டினாலும், உலகில் காணும் ஏற்றத்தாழ்விலிருந்தே புறப்படுகிறது.

இதற்கு ஒரு காரணம் அனுமானத்தின், அதாவது அறிந்ததிலிருந்து அறியாததைப் பெறும் முறையின், அமைப்பிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. மணிமேகலை தருக்கம் பேசும் இடத்தில் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம், உபநயம் (பொருத்திக் காட்டுதல்), நிகமனம் (முடிவு) என்று உறுப்புகள் சொல்லப்படுகின்றன. திட்டாந்தம், அதாவது கண்டறிந்த எடுத்துக்காட்டு, ஓர் உறுப்பாகவே நிற்கும் முறையில், எடுத்துக்காட்டே தர முடியாத தனியொரு பொருளை வரையறையால் மட்டும் நிறுவ வழி இல்லை. மேலும், 'ஆகாயத் தாமரை மணமுடையது, தாமரையாதலால்' என்ற அனுமானத்தைத் தருக்க சங்கிரகம் என்னும் நூல் போலி ஏதுவுக்கு எடுத்துக்காட்டாக வைக்கிறது. தாமரைக்கு மணம் உண்டு என்பதில் தவறில்லை. பேசப்படும் பொருளே நிறுவப்படவில்லை என்பதுதான் குற்றம். காண்ட் முக்கோணத்தை வைத்துச் சொன்னதும் இதுவும் மிக நெருக்கமானவை.

உதயணர் இதே கருவியை எதிர்த்திசையில் திருப்பியது குறிப்பிடத்தக்கது. கடவுள் நிறுவப்படாதவர் என்றால், அவரைப் பக்கமாக, அதாவது பேசப்படும் பொருளாக, வைத்து 'அவர் இல்லை' என்று நீங்கள் செய்யும் அனுமானத்துக்கும் பொருள் நிறுவப்படவில்லையே என்று அவர் கேட்கிறார். மறுப்பதற்கும் ஏதோ ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் மறுக்க வேண்டும் என்ற அன்செல்மின் பிடிக்கு இது உறவாக நிற்கிறது.

வாதம் வென்றால், எந்தச் சமயத்தின் கடவுள் கிடைப்பார்?

எந்தச் சமயத்துக்கும் உரியவராக ஒருவரும் கிடைக்கமாட்டார். கட்டாயமாக இருக்கும் முழுநிறைவு ஒன்று கிடைக்கும். அது பேசியதா, அருளியதா, எந்த நூலைத் தந்தது என்பவற்றுக்கு வேறு சான்றுகள் வேண்டும்.

பிழை எங்கே இருக்கிறது என்று ஒரே வரியில் சொல்ல முடியாதா?

முடியாது, வடிவத்துக்கு வடிவம் இடம் மாறுகிறது. அன்செல்மின் 2ஆம் அதிகாரத்தில், தொடர் விளங்குவதிலிருந்து பொருள் அறிவில் 'இருக்கிறது' என்று நகரும் இடத்தை நான் ஐயுறுவேன். டெக்கார்டிடம் 'இருந்தால்' என்பது சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது. பிளான்டிங்காவிடம் தருக்கம் குறையற்றது, முற்கோள் நிறுவப்படாதது. கோடலிடம் 'நேர்மறை' என்பதற்கு நாம் ஏற்கத்தக்க விளக்கம் இல்லை.

ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரசல் மாணவராக இருந்த 1894இல் ஒருநாள் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது இவ்வாதம் சரியே என்று திடீரெனத் தோன்றிவிட்டதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பின்னாளில் அவர் இதை ஏற்கவில்லை. ஆயினும், இவ்வாதம் பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்று உணர்வது எளிது, பிழை சரியாக எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கடினம் என்ற பொருளில் எழுதினார். உங்களுக்கு எந்தப் படியில் இடறுகிறது என்பதை அறிய, புரோஸ்லோகியனின் 2 முதல் 4 வரையான அதிகாரங்களையும் கௌனிலோவின் மறுப்பையும் அன்செல்மின் பதிலையும் இதே வரிசையில் படிப்பது நல்லது. மூன்றும் சேர்ந்து ஒரே மாலையில் படித்துவிடக்கூடிய அளவே உள்ளன.